மலையைப் பார்த்து

சூரமங்கலத்தில், ரயில் சத்தம் எட்டும் தூரத்தில்
மூடிப்போன கல்யாண மண்டபம் ஒன்று.
பந்தி நடந்த கூடத்தில் இப்போது
எட்டு மண்டல அடுப்பு.
உள்ளே போவது பச்சை, வெளியே வருவதும் பச்சை,
நடுவில் இருநூற்று நாற்பத்தைந்து டிகிரி.

வருவது நான் வரைந்த போர்டு.
விசைத்தறியில் நூல் அறுந்தால்
தறியை நிறுத்தச் சொல்லும் சின்ன மூளை.
மூளை என்பது பெரிய வார்த்தை:
ஒரு சென்சார், ஒரு ரிலே, கூட நாற்பத்தைந்து உதிரிகள்.

அழகாபுரத்து வீட்டில், இரவு பதினொன்றுக்கு மேல்,
திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
செம்புத் தடங்கள் திரும்புகிற அழகைப்
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.
சரிபார்ப்பு சொன்னது: பிழை பூஜ்யம்.
பொய்யில்லை.
இதை யார் கோக்கப்போகிறார்கள் என்று
அதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் ஷமீமாவின் போன்.
"அக்கா, டி4 எந்தப் பக்கம் பாக்கணும்?"
கோடு போட்டிருக்கிறேனே என்றேன்.
"இருக்கு. டையோட வெச்சதும்
அதுக்கு அடியில போயிடுது."

மறுநாள் மெஷினின் கேமரா
பலகையை அடையாளம் தெரியாமல்
மூன்று முறை தேடிவிட்டு நின்றுவிட்டது.
மூலையில் ஒரு வட்டப்பொட்டு வைத்திருக்கலாம்.
இடத்தை மிச்சம் பிடித்திருந்தேன்.

பிறகு நேரில் போனேன்,
லஞ்சம் போலத் தட்டுவடை செட் ஒரு பொட்டலம்.
'உள்ளே உண்ணக்கூடாது' என்றது கதவில் ஒரு போர்டு.
அதையும் யாரோ வடிவமைத்ததுதான்;
எல்லோருக்கும் புரிந்தது.

லென்ஸ் விளக்கின் அடியில் சி11.
அரிசி நொய்யை விடச் சிறிய கெபாசிட்டர்,
ஒற்றைக் காலில் எழுந்து நின்றது.
இங்கிலீஷ்காரன் இதைக் கல்லறைக்கல் என்கிறான்.
எனக்கு நடுகல் என்று தோன்றியது.
ஐந்நூறில் நூற்றிருபது நடுகல்.
எந்தப் போரில் செத்தார்கள் இத்தனை பேர்?

ஒரு காலை அகன்ற செம்புப் பரப்பில் ஊன்றியிருந்தேன்,
மறுகாலை மெல்லிய தடத்தில்.
பரப்பு சூட்டைக் குடித்துவிட்டது.
மெல்லிய பக்கம் முந்தி உருகி
தன் பக்கம் இழுத்துக்கொண்டது.
அவ்வளவுதான் கதை.
அதை ஷமீமா மூன்று நாளாக
இடுக்கியால் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறாள்.
மூக்கின் மேல் கண்ணாடித் தழும்பு.

"இங்க பாருங்க" என்று
ரிலேவுக்கும் திருகு முனைக்கும் இடையில்
சூட்டுக்கோலை விட்டுக் காட்டினாள்.
போகவில்லை.
நான் விட்ட இடம் இரண்டு மில்லிமீட்டர்.
திரையில் அது ஒரு வாசலாகத் தெரிந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
அவள் ஜன்னலைக் காட்டினாள்.
தண்டவாளம், அதற்கும் அப்பால்
நீலமாய்ச் சேர்வராயன்.
"டையோடு பத்தும் பத்துத் திசையில நிக்குது.
எல்லாம் ஏற்காட்டப் பாத்து நின்னா
நான் தலையத் திருப்பாமலே வெப்பேன்."

அன்றிரவு தடங்களை எல்லாம் கலைத்தேன்.
சி11-இன் கால் பரப்பைத் தொடும் இடத்தில்
நான்கு மெல்லிய பாலங்கள் மட்டும் விட்டேன்.
ரிலேவை நகர்த்தினேன்.
டி4-இன் கோடு உதிரியின் வெளியே வந்தது.
மூலைகளில் மூன்று பொட்டு; மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளி,
தலைகீழாக ஏற்றினால் மெஷினே மறுக்கும்படி.
போர்டு ஆறு மில்லிமீட்டர் வளர்ந்தது,
முதலாளி அதற்கு முகம் சுளித்தார்.
மேல் விளிம்பில் வெள்ளை மையில்
முக்கோணமாய் ஒரு சின்ன மலை வரைந்தேன்.
பத்து டையோடும் அதைப் பார்த்தன.

அடுத்த ஐப்பசியில் எண்ணூறு போர்டு ஓடியது.
மாலை வரை போன் வரவில்லை.
நானே கூப்பிட்டேன்.
"ரெண்டு நிக்குது. பசை பழசு,
உங்க மேல இல்ல" என்றாள்.

அடைமழை, அங்கே மலை தெரிகிறதா என்றேன்.
"எங்க தெரியுது" என்றாள்,
கன்வேயர் சத்தத்துக்கு நடுவே.
"அதான் போர்டுலயே இருக்கே."